"தாது உப்பு போடுறீங்களா?"

இன்னிக்கு நான் எழுதின ஒரு மொபைல் ஆப் பத்திப் பேசப்போறேன். கோடுல எந்த பக்கும் இல்ல, ஆனாலும் தப்பான ஆப்.

ரெண்டு மூணு கறவை மாடு வச்சிருக்கிற விவசாயிங்க புதுத் தொழில்நுட்பங்களை எவ்வளவு பயன்படுத்துறாங்கன்னு கணக்கெடுக்கிற ஆப் அது. சினை ஊசி, கோ-4 தீவனப்புல், தாது உப்புக் கலவை. ஒவ்வொண்ணுக்கும் ஆம், இல்லை. மூணும் 'ஆம்'னா அந்த வீட்டுக்குப் பயிற்சி வேண்டாம்னு லிஸ்ட்ல இருந்து எடுத்துடும். அந்த லாஜிக்கும் நான் எழுதினதுதான்.

ஈரோடு பக்கம் எங்க அத்தைகிட்ட ரெண்டு மாடு. மூணுக்கும் 'ஆம்'. ஆடியில ஊருக்குப் போனப்ப பார்த்தேன், பொங்கலுக்கு வாங்கின ஒரு கிலோ தாது உப்பு பாதி அப்படியே இருக்கு. மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம்னு வச்சா அது பத்து நாள்ல தீர்ந்திருக்கணும். கோ-4? குளிக்கிற தண்ணி போற வாய்க்கால் ஓரத்துல எட்டுத் தூர். ஒருதடவை அறுத்தா ஒரு நாள் தீவனம், மறுபடி அறுக்க 45 நாள்.

"ஏன் அத்தை, தினமும் போடுறதில்லையா?"

"போட்டா நாளைக்கே சொசைட்டியில ஒரு லிட்டர் கூடக் காட்டுமா கண்ணு? கன்னு போட்ட புதுசுல கொஞ்ச நாள் போடுவேன்."

நியாயம்தானே. அதோட பலன் மாடு காலத்துல பருவத்துக்கு வர்றதுலயும் சினை பிடிக்கிறதுலயும் தெரியும். அதுக்கு மாசக்கணக்காகும், பால் பில்லு வாரத்துல வருது. இதுக்கு நடுவுல ஒரு மாட்டுக்கு மூணு ஊசி போட்டும் சினை நிக்கல. உப்புதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஊசி போடுற நேரம் தவறினாலும் நிக்காது. அந்தப் பயிற்சிதான் அவங்களுக்குத் தேவைப்பட்டது. என் ஆப் அவங்களைத்தான் வெளிய தள்ளியிருக்கு.

1957-ல ஸ்வி கிரிலிக்கஸ்னு ஒரு பொருளாதார அறிஞர் அமெரிக்காவுல கலப்பின மக்காச்சோளம் பரவினதை ஆராய்ந்தார். எத்தனை பேர் மாறினாங்கன்னு அவர் எண்ணல. மக்காச்சோள நிலத்துல எத்தனை சதவீதம் கலப்பின விதைன்னு பார்த்தார். நான் அதைப் படிச்சது ஆப் வெளியான பிறகு!

இப்போ கேள்விகளை மாத்திட்டேன். கடைசிப் பாக்கெட் எப்போ வாங்கினீங்க, எத்தனை கிலோ? போன தடவை பருவத்துக்கு வந்தப்ப ஊசியா, காளையா? நிறுத்தியிருந்தா, எப்போ, ஏன்?

ஒரு வீட்டுக்கு ரெண்டு மடங்கு நேரமாகுது. சர்வே எடுக்கிறவங்க திட்டுறாங்க. அத்தையோட ரெக்கார்டை நான் தொடல, அடுத்த சுத்துல யாராவது போய்க் கேக்கட்டும்.