முதல் வீடும் வரவு செலவுக் கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பேச வல்லார் பலர் இம்மேடையில் இருக்க, கணக்கெழுதியே காலங்கழித்த எங்களை அழைத்து, முதல் வீடு கட்டுவோர்க்கான செலவுத் திட்டம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். பாறசாலைப் பக்கம் நாங்கள் ஒரு சிறு வீடு கட்டி முடித்ததே அதற்குக் காரணம். நாங்கள் என்று சொல்லும்போது இல்லத்தரசியையும் சேர்த்தே சொல்கிறோம். கணக்குப் புத்தகத்தில் பாதி அவர் கையெழுத்து.

குவார்ட்டர்ஸில் வாழ்வோர்க்கு வீட்டைப் பற்றிய கவலை மெள்ளத்தான் வருகிறது. குழாய் ஒழுகினால் ஒரு மனு, கதவு தாழிடாவிட்டால் ஒரு மனு என்று காலம் ஓடிவிடுகிறது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது தலை நரைத்த பிறகே நினைவுக்கு வருகிறது. அப்போது கடன் கொடுப்போரும், மீதமுள்ள பணியாண்டுகளை எண்ணிப் பார்த்தே கொடுக்கின்றனர்.

இக்காலனியிலிருந்து மனை தேடிப் போனவர்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே போயிருக்கிறார்கள். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே கன்னியாகுமரி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் பயனாக நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை ஆகிய நிலையங்களிலிருந்து தலைநகருக்கு வேலைக்கு வந்து போவது எளிதாயிற்று. பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை, அப்பால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. பேச்சும் உறவும் அக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வீடு கட்டுவோன் அதை நாள்தோறும் நினைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மனை. எங்கள் கணக்கில் முதற் பிழையும் அங்கேதான் நேர்ந்தது. தனுவச்சபுரத்துக்கு அருகே ஏழு சென்ட், பிறர் சொன்ன விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்று ஒரு தரகர் காட்டினார். பத்திரத்தின் நகலில் மலையாளத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த நாங்கள், மனையை நிலம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்கள் என்று எண்ணி அச்சாரம் கொடுத்துவிட்டோம். வில்லேஜ் ஆபீசில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தாம் பிறகு விளக்கினார். “சாரே, இங்கே நிலம் என்றால் வயல். வீடு கட்டும் இடம் புரயிடம்” என்றார். தமிழனை ஏமாற்றுவதற்கு வேற்றுமொழிச் சொல் தேவையில்லை. தமிழ்ச் சொல்லே போதும் போலும்!

2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலைத் தூர்த்துக் கட்டிடம் எழுப்பலாகாது. வேறு தகுந்த மனையில்லாத உடைமையாளர் தமக்கென வீடு கட்டிக்கொள்ளப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5 சென்ட் வரை விலக்குக் கேட்க வழியுண்டு. அது குழுவின் பரிசீலனைக்கு உட்பட்டது. வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று துணிவது தகாது. அச்சாரத்தில் ஒரு பகுதியைத்தான் நாங்கள் மீட்டோம். ஆகவே மனை பார்க்கப் போவோர் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குக: முன்பத்திரம், வில்லங்கச் சான்று, நடப்பாண்டுக் கரம் தீர்த்த இரசீது, போக்குவரவு முடிந்து தண்டப்பேர் எண் விற்பவர் பெயரில் நிற்பதற்கான சான்று. இவற்றோடு, கிருஷி பவனில் உள்ள டேட்டா பாங்கில் அந்தச் சர்வே எண் இல்லை என்பதையும் நேரில் கண்டு வருக. மலையாளம் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் வேண்டா.

பத்திரச் செலவையும் மனையின் விலையோடு சேர்த்தே எழுதவேண்டும். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, பத்தில் ஒரு பங்கு. களியக்காவிளைக்கு அப்பால் வாங்குவோர்க்கு 2023 முதல் இரண்டும் சேர்ந்து 9 சதவிகிதம். இரு பக்கமும், நாம் கொடுத்த விலை அரசாங்கம் குறித்த மதிப்பைவிடக் குறைவானால், அரசாங்க மதிப்பின்மீதே கணக்கிடுவார்கள்.

இனிக் கட்டிடத்துக்கு வருவோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இல்லத்தரசி கேட்பதுண்டு, பழமொழியிலேயே வீடு முந்தி நிற்க, நாம் ஏன் வரிசையை மாற்றினோம் என்று. எங்களிடம் விடை இல்லை.

மனை நீங்கலாக எங்கள் கையில் சேரக்கூடிய தொகை 26 இலட்சம். அலுவலகத்தில் கேட்ட வீடு கட்டும் முன்பணம் 17 இலட்சம். சேமிப்பும் சீட்டுப் பணமுமாக 9 இலட்சம். முதலில் வரைந்த படமோ 1,340 சதுர அடி. ஒப்பந்தக்காரர் சொன்ன விலை சதுர அடிக்கு 2,000 ரூபாய். பெருக்கினால் 26 இலட்சத்து 80 ஆயிரம். “எண்பதாயிரம்தானே கூடுகிறது, பார்த்துக்கொள்ளலாம்” என்று நாங்கள் சொன்னோம். இல்லத்தரசி ஒரு தாளை எடுத்து, சதுர அடி விலைக்குள் அடங்காதவை யாவை என்று எழுதச் சொன்னார். கிணறு 1,10,000. கழிவுநீர்த் தொட்டி 70,000. மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் 45,000. படம், அனுமதி, மின் இணைப்பு 40,000. சமையலறை அலமாரிகள் 65,000. கூட்டினால் 3 இலட்சத்து 30 ஆயிரம். சுற்றுச்சுவரை இன்னும் எழுதவில்லை.

அத்தாளால்தான் எங்கள் வீடு பிழைத்தது. படம் 1,020 சதுர அடியாகச் சுருங்கிற்று. கட்டிடம் 20 இலட்சத்து 40 ஆயிரம்; பிற செலவு 3 இலட்சத்து 30 ஆயிரம்; மீதி 2 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. குறைத்தது ஒரு படுக்கையறையும் மாடிப்படிக் கூடமும். வானம் தோண்டுவதற்கு முன் ஓர் அறையைக் குறைப்பது பென்சில் வேலை. கருங்கல் இறங்கிய பிறகு அது நடவாது.

இதில் மற்றொரு நன்மையும் விளைந்தது. கேரளத்தில் 100 சதுர மீட்டருக்கு, அதாவது 1,076 சதுர அடிக்கு, உட்பட்ட வீட்டுக்கு வருவாய்த் துறையின் ஒருமுறைக் கட்டிட வரி இல்லை. அனுமதிக் கட்டணமும் பரப்பைப் பொறுத்ததே. 2023இல் அதை மிகவும் உயர்த்தி, எதிர்ப்பு எழவே 2024 ஆகஸ்டில் குறைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் சதுர அடி எதை அளக்கிறது என்பதையும் முன்னமே எழுதி வாங்குதல் நலம். சுவரின் கனமும் முன் தாழ்வாரமும் அவர் கணக்கில் உண்டு. கட்டில் போடும் இடத்தை மட்டுமே நாம் எண்ணிக்கொண்டிருப்போம்.

நம்மவர்கள் பெரும்பாலும் இடறுவது முன்பணம் வரும் முறையில்தான். 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி மத்திய அரசு ஊழியர்க்கு 34 மாத அடிப்படைச் சம்பளம் கிடைக்கும். உச்சவரம்பு 25 இலட்சம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் 17 இலட்சம். வட்டி தனிவட்டி, முதலை 180 தவணைகளிலும் வட்டியை அதன்பின் 60 தவணைகளிலும் பிடிப்பார்கள். கிராமப்புறத்தில் கட்டுவோர்க்கு மொத்தச் செலவில் 80 சதவிகிதம்தான். நகரத்தின் சுற்றுப்புறம் என்று துறைத் தலைவர் சான்றளித்தால் முழுமையும் உண்டு. இவை யாவும் நல்ல விதிகளே. ஆனால் பணம் இரு பாதியாக வருகிறது. முதற்பாதி அடமானம் முடிந்ததும். மறுபாதி கட்டிடம் தரைமட்டத்தை எட்டியதும். அதாவது, சுவர் எழும்பும் முன்பே முழுக்கடனும் கைக்கு வந்துவிடுகிறது! கையில் பணமிருக்கும்போது எல்லா யோசனைகளும் நல்ல யோசனைகளாகவே தோன்றும். சன்னலைத் தேக்கில் செய்யலாமே என்பார் ஆசாரி. முன்புறம் இரண்டு தூண் வைத்தால் எடுப்பாயிருக்குமே என்பார் மைத்துனர். அலுவலகத்தில் மதிப்பீட்டுக்கு மேல் நூறு ரூபாய் கூடினாலும் விளக்கம் எழுதுகிறோம். வீட்டிலோ ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் அரை இலட்சம் சாங்ஷன் ஆகிவிடுகிறது.

மேற்கூரை வார்த்த அன்று வேலையாட்களுக்கு விருந்து வைக்கிறோம். உறவினர் வந்து வாழ்த்துகிறார்கள். வீடு முடிந்துவிட்டது போன்ற மயக்கம் அன்று உண்டாகிறது. உண்மையில் அன்று பாதிச் செலவே ஆகியிருக்கும். பூச்சு, தரை, கதவு, மின்கம்பி, குழாய், வண்ணம் எல்லாம் பின்னே வரிசையில் நிற்கின்றன. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே வண்டியில் போகும்போது பாருங்கள். கூரை பாசி பிடித்து, சன்னலுக்குப் பலகை அடித்து, மாடிக்கென விட்ட கம்பிகள் துருவேறி நிற்கும் வீடுகளைக் காணலாம். அவற்றுள் சிறிய வீடு அரிது.

ஆதலால் நாங்கள் தொகையை நான்காகப் பிரித்து வங்கியில் தனித்தனியே போட்டோம்: தரைமட்டம் வரை, கூரை வரை, கூரைக்குப் பின், கட்டிடத்துக்குப் புறம்பானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இருவர் கையெழுத்து. மூன்றாவது கணக்கின் பாஸ் புத்தகத்தை இல்லத்தரசி எங்கே வைத்திருந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கட்டிடத்தைத் தை மாதத்தில் தொடங்கினோம். இடவப்பாதி மழை ஜூனில் இறங்குமுன் கூரை வார்த்தாக வேண்டும், தவறினால் அதன் பின்னே துலாவர்ஷமும் வரும், ஆண்டு போய்விடும். நெய்யாற்று மணலைப் பற்றிய பேச்சு இப்போது இல்லை. கருங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் களியக்காவிளை வழியே லாரியில் வருகின்றன. எல்லையில் கெடுபிடி ஏற்பட்டால் பாறசாலையில் விலை ஏறிவிடுகிறது. எங்களுக்கும் அது நேர்ந்தது, 60,000 கூடிற்று. மனையின் பின்புறம் சரிவாயிருந்தமையால் பக்கச்சுவர் எழுப்ப 1,40,000 ஆயிற்று. தொடுவதில்லை என்று வைத்த பணம் தொடப்பட்டது. மிஞ்சியது 30,000. அது இல்லாதிருந்தால் வட்டிக் கடைக்குத்தான் போயிருப்போம். சிமெண்டின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது, இனிக் கட்டுவோர்க்கு ஓர் ஆறுதல்.

செலவு குறைப்பதைப் பற்றிப் பேசும்போது லாரி பேக்கரைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும் வரை குறைந்த செலவில் வீடுகள் கட்டிய பெருந்தகை. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அவருடைய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சப்படும். (நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் செங்கல் என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே செங்கல் மலிவா என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டா.) எங்கள் கொத்தனாருக்கு அம்முறை பழக்கமில்லை. எங்கள் சுவரில் அவர் கற்றுக்கொள்ளட்டும் என்று விட மனம் துணியவில்லை. செங்கல்லில் மிஞ்சுவது கூலியில் போய்விடும். பழைய மங்களூர் ஓடுகளை வாங்கிச் சமையலறைக் கூரை வார்ப்புக்குள் பதித்து, கான்கிரீட்டைக் குறைத்தது மட்டும் பேக்கர் வழி. பின்சுவரைப் பூசாமல் விட்டோம். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அதைப் பார்த்து, “பணம் போதலியா மக்களே?” என்று இரகசியமாகக் கேட்டார்கள்.

சுற்றுச்சுவர் இன்னும் இல்லை. செம்பருத்தி வேலி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. மாடிக்கென்று கம்பி எதுவும் விடவில்லை. அக்கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். விழா முடியும் வரை செயலாளர் மேசைமேல் இருக்கும். வேண்டுவோர் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பெண்மக்கள் பார்ப்பது இன்னும் நலம்.