ஒலி ஒன்று, பொருள் வேறு
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரை இந்தியில் எழுதினால் 'நிவாசி கல்யாண் சங்' என்று வரும். நாம் இங்கே யாருக்கும் பெண் பார்த்துக் கொடுப்பதில்லை! இந்தியில் 'கல்யாண்' என்றால் நலம்.

தூரத்து மொழியை விடுங்கள். பக்கத்து மொழியான மலையாளத்தில்தான் இந்தக் குழப்பம் அதிகம். அங்கே 'பனி' என்றால் காய்ச்சல். 'அவதி' என்றால் விடுமுறை. 'அவசரம்' என்றால் வாய்ப்பு. வேலை கேட்டு வரும் பையன் "ஒரு அவசரம் தரணும்" என்றால், நம்மை விரட்டுகிறான் என்று கோபப்படாதீர்கள். வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மலையாளத்தில் 'மடி' என்றால் சோம்பல். திருக்குறளின் 61-ஆவது அதிகாரம் 'மடியின்மை'. நாம் பேச்சில் விட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது சிரிக்க. இனி சொல்வது சொத்து விஷயம்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தன. அதற்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். அதில் 'ஆதாரம்' என்றால் பத்திரம். தீறாதாரம் என்பது கிரயப் பத்திரம். பணயாதாரம் என்பது அடமானப் பத்திரம்.

நான் வங்கியில் இருந்த காலத்தில், "தாத்தா காலத்து ஆதாரம் இருக்கு சார்" என்று நம்பிக்கையோடு வருவார்கள். படிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொன்னால், அது பணயாதாரமாக இருக்கும். தாத்தா நிலத்தை வாங்கவில்லை. கடன் கொடுத்து ஈடாகப் பிடித்திருக்கிறார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெட்டியில் மலையாளப் பத்திரம் இருந்தால், சொல்லின் ஒலியை வைத்துப் பொருள் முடிவு செய்யாதீர்கள். மலையாளம் தெரிந்த ஆவண எழுத்தரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பள்ளியில் மலையாளம் படித்த பெரியவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். எழுதியது யார், எதற்காக எழுதினார் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.