கரி மாற்றும் நாளுக்கான பணம்

(நிலத்தடிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு குறித்த கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)

 

கருத்தரங்க மலரில் உள்ள கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட், தொழிற்சாலைக் கரைப்பான்கள் என ஒவ்வொன்றையும் எந்தப் பொருள் எவ்வளவு உறிஞ்சும் என்று நுட்பமாக ஆராய்ந்திருக்கிறீர்கள். உறிஞ்சி முடித்த பிறகு அந்தப் பொருளை மாற்ற எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது? அந்தக் கேள்வி மட்டும் ஓரிரு கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் ‘நிதி ஒதுக்கீடு தேவை’ என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுகிறது. அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கிணற்று நீரைக் கரியால் சுத்திகரிக்கும் நிலையத்தின் உள்ளே போனால், இரண்டு இரும்புக் கலன்கள் அருகருகே நிற்கும். பெரிய நிலையங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்பது டன் அளவுக்குக் கிளர்வூட்டிய கரி இருக்கும். நீர் முதல் கலனைக் கடந்து இரண்டாவதற்குள் போகும். இரண்டுக்கும் நடுவே மாதிரி எடுக்க ஒரு சிறு குழாய். அந்தக் குழாயில் மாசு தென்பட்டால் முதல் கலனின் கரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றிவிட்டு, வால்வுகளைத் திருப்பி, இதுவரை இரண்டாவதாக இருந்த கலனை முதலாவதாக்க வேண்டும். புதுக் கரி பின்னால் காவல் நிற்கும். எளிமையான, அழகான ஏற்பாடு.

சிக்கலும் அந்த அழகிலேயே இருக்கிறது. நடுக்குழாயில் மாசு தெரிந்த அன்றைக்கும் ஊருக்குப் போகும் நீர் தேர்வில் தேறிவிடும். இரண்டாவது கலன் தாங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா? இயக்குபவர் கோப்பு எழுதுவார். கணக்கு அலுவலர், “தண்ணி நல்லாத்தானே வருது, அடுத்த நிதியாண்டுல பாத்துக்கலாம்” என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் மேசையில் பம்பு எரிந்துபோன கோப்பும் மின்கட்டண நிலுவைக் கோப்பும் காத்திருக்கின்றன. பம்பு நின்றால் காலிக் குடங்களோடு சாலை மறியல் நடக்கும். கரி தீர்ந்தால் எதுவும் நடக்காது. நிறம் மாறாது, வாடை வராது, யாரும் மனு கொடுக்க வரமாட்டார்கள். சத்தம் போடாத செலவு என்பதால்தான் இது எப்போதும் வரிசையில் கடைசிக்குப் போகிறது.

இனி ஓர் இடத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு அங்கே நிலத்தடி நீர்தான் முக்கிய ஆதாரம். 1979-இல் அசூசா பகுதிக் கிணறுகளில் கரைப்பான் மாசு கண்டுபிடிக்கப்பட்டது. 1984-இல் அப்பள்ளத்தாக்கின் நான்கு பகுதிகள் அமெரிக்காவில் மாசடைந்த இடங்களைத் தூய்மைப்படுத்தும் ‘சூப்பர்ஃபண்ட்’ திட்டத்தின் தேசியப் பட்டியலில் ஏறின. அதே பள்ளத்தாக்கின் பால்ட்வின் பார்க் பகுதிக்கு என்ன செய்வது என்ற முடிவு 1994-இல் வந்தது. ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் எளிதில் ஆவியாகும். காற்றை ஊதி வெளியேற்றினால் போதும், மிச்சத்தைக் கரி பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

1997-இல் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. நீரில் புதிதாக எதுவும் கலக்கவில்லை, சோதனைச்சாலைதான் முன்னேறியது. அதுவரை லிட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குக் குறைவான பெர்குளோரேட்டைக் காணமுடியாமல் இருந்த கலிஃபோர்னியாவின் சுகாதாரத் துறை, 4 மைக்ரோகிராம் வரை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. ராக்கெட் எரிபொருளில் சேரும் உப்பு அது. பால்ட்வின் பார்க் கிணறுகளில் அது இருந்தது. காற்று ஊதினால் உப்பு போகாது. அயனிப் பரிமாற்ற ரெசின் வேண்டும். கூடவே என்டிஎம்ஏ என்ற இன்னொரு பொருளும் தென்பட்டது. அதைச் சிதைக்கப் புற ஊதா விளக்குகள் வேண்டும். இரண்டு படிகள் போதும் என்று திட்டமிட்ட இடத்தில் வரிசை நீண்டது. ஒவ்வொரு படியும் சேர்ந்தபோது கட்டுமானச் செலவு ஒருமுறைதான் ஏறியது. ரெசின், விளக்கு, மின்சாரம் ஆகியவற்றின் செலவோ ஆண்டுதோறும் வருவது. 2007-இல் கலிஃபோர்னியா பெர்குளோரேட்டுக்கு 6 மைக்ரோகிராம் என்று வரம்பே விதித்துவிட்டது.

பணம் யார் கொடுத்தார்கள்? கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2002-இல் ஏரோஜெட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் நீர் வழங்கும் அமைப்புகளோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கட்டுவதற்கு மட்டுமல்ல, இயக்கவும் பராமரிக்கவும் பணம் தர ஒப்புக்கொண்டன. இதைத்தான் அந்த ஒப்பந்தத்தின் உண்மையான சாதனையாக நான் கருதுகிறேன். ஆனால் காலம் 15 ஆண்டுகள். நிலத்தடியில் பரவிய மாசுக்கு அந்த நாள்காட்டி தெரியாது. 2017-இல் மறுபடியும் உட்கார்ந்து பேசி நீட்டிக்க வேண்டியிருந்தது. அதற்குள் கையெழுத்திட்டவர்களில் ஒன்றான ஹஃபி, மிதிவண்டிக்குப் பேர்போன நிறுவனம், 2004-இல் திவால் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றான ஃபேர்சைல்டு 2009-இல் போனது. பொறுப்பு கூட்டுப்பொறுப்பு என்பதால் மற்றவர்கள் சுமையைத் தாங்கினார்கள். தனித்தனிப் பங்காக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கிருக்கும் சட்டத்துறை நண்பர்கள் சொல்லட்டும்.

கெடுத்தவர் அகப்படாத இடங்களில் அமெரிக்க நடுவண் அரசே சூப்பர்ஃபண்ட் நிதியிலிருந்து செலவு செய்கிறது. அங்கும் ஒரு கோடு உண்டு. நிலத்தடி நீரை மீட்கும் நிலையங்களுக்குப் பத்தாண்டு வரை செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்கும்; அதன்பின் முழுச் சுமையும் மாநிலத்தின் தலையில். அந்த நிதிக்கு ஊற்றாக இருந்த வேதிப்பொருள், எண்ணெய் வரிகள் 1995 இறுதியில் காலாவதியாயின. வேதிப்பொருள் வரி மீண்டும் நடைமுறைக்கு வர 2022 ஆகிவிட்டது. செல்வம் கொழிக்கும் நாட்டின் கதை இது.

நம் நாட்டுக்கு வருவோம். மேற்கு வங்கத்தில் கைப்பம்புக் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் அகற்றும் கருவிகளைப் பொருத்தப் பெரும்பணம் செலவிடப்பட்டது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகக் குழு பல தயாரிப்பாளர்களின் கருவிகளை ஈராண்டு தொடர்ந்து கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டது. ஆய்ந்தவற்றில் ஒன்றுகூட உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் அளவுக்குள் நீரைத் தொடர்ந்து தரவில்லை; அன்றைய இந்திய வரம்பான 50-க்குள் முழுக் காலமும் நின்றவை இரண்டே இரண்டு. மணல் ஏறி அடைபட்டது, கழுவிவிட்ட கழிவு பக்கத்திலேயே கொட்டப்பட்டது என்று அவர்கள் எழுதியதைப் படிக்கும்போது, பழுது வேதியியலில் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

அதே மாநிலத்தில் வேறொன்றும் நடந்தது. லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தாவும் வங்கப் பொறியியல் கல்லூரியினரும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வைத்த, ஆர்செனிக்கை உறிஞ்சும் அலுமினா நிரப்பிய கலன்களை ஊர்மக்கள் குழுக்கள் நடத்தின. வீட்டுக்கு வீடு மாதம்தோறும் சிறு தொகை வசூல். தீர்ந்த அலுமினாவைத் தூக்கி எறியாமல், ஒரு மைய இடத்துக்குக் கொண்டுபோய்க் காஸ்டிக் சோடா கொண்டு மீட்டெடுத்து மறுபடி நிரப்பினார்கள். மீட்கும் செலவு வசூல் கணக்கிலேயே இருந்தது. ஆகவே மாற்றும் நாள் வந்தபோது யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் கெடுத்தவரைக் கொடுக்கவைத்த தீர்ப்பு நமக்கே சொந்தமானது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் ‘கெடுத்தவரே கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்றது. திண்டுக்கல் வட்டாரத்தில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தலா ரூ.10,000 அபராதம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமும் வந்தது. அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அபராதமும் இழப்பீடும் ஒரு தடவை வருபவை. கெட்ட கிணற்றை நம்பி ஒரு நிலையம் வைத்தால் அதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

நம் நகராட்சிக் கணக்கில் இதற்கு இடமே இல்லை என்று சொல்லமுடியாது. பொது வருவாய்க்கு ஒன்று, தொடக்கக் கல்விக்கு ஒன்று என்று பிரித்திருப்பதுபோலக் ‘குடிநீர் மற்றும் வடிகால் நிதி’ என்று தனி ஏடே இருக்கிறது. அந்த ஏட்டுக்குள் போனால் சம்பளம், மின்கட்டணம், குழாய் உடைப்பு எல்லாம் ஒரே குடத்தில். என் யோசனை இதுதான்: கரி, ரெசின் போன்ற உறிஞ்சும் ஊடகத்தை மாற்றும் செலவுக்கு அதற்குள் ஒரு தனி இருப்பு. அதில் பணம் சேர்வது ஆண்டு மானியத்தால் அல்ல, கிணற்று மீட்டரால். ஆயிரம் லிட்டர் இறைத்தால் இத்தனை ரூபாய் தானாக அந்த இருப்புக்குப் போகவேண்டும். எத்தனை ரூபாய் என்பதைச் சொல்லவேண்டியவர்கள் நீங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அந்த ஊர் நீரை வைத்துச் செய்யும் சோதனையிலிருந்து அந்த எண் வந்துவிட வேண்டும். எடுப்பதற்கு அனுமதியும் நடுக்குழாயின் சோதனை முடிவுதான். முடிவு வரம்பைத் தொட்டால் கொள்முதல் ஆணை போகலாம். நகர்மன்றத் தீர்மானம் பின்னால் வரட்டும். தணிக்கைத் துறையினர் இதற்கு முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அவர்களையும் அடுத்தமுறை அழைக்கவேண்டும்.

சென்னையை அடுத்த மீஞ்சூர்க் கடல்நீர் நிலையத்தை உதாரணம் காட்டி, தனியாரிடம் விட்டால் போதுமே என்று ஒருவர் கேட்கலாம். 2010-இல் ஓடத் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அந்தக் கடல்நீர் நிலையத்தில் சென்னைக் குடிநீர் வாரியம் ஆலையை வாங்கவில்லை. 25 ஆண்டுகளுக்கு நீரை வாங்க ஒப்புக்கொண்டது. ஆயிரம் லிட்டருக்கு ரூ.48.66 என்பது தொடக்க ஒப்பந்த விலை. நீரை வடிகட்டும் சவ்வுகளை மாற்றும் செலவு அந்த விலைக்குள்ளேயே அடங்கும், தனிக் கோப்பு தேவையில்லை. விலை அதிகம் என்ற குறை நியாயமானதே. ஆனாலும் கணக்கு ஒளிவுமறைவில்லாதது. கட்டிய கூட்டாளிகளில் ஒன்றான ஐவிஆர்சிஎல் 2018-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். தருகிறவரோ நடத்துகிறவரோ நொடித்துப் போகக்கூடும் என்பது அசூசாவுக்கு மட்டும் உரிய செய்தி இல்லை.

முழுச் செலவையும் தண்ணீர்க் கட்டணத்தில் ஏற்றவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் கிணற்றைத் தான் கெடுக்காத குடும்பத்திடம் அதைக் கேட்பது அநியாயம். கட்டும் செலவு கெடுத்தவருடையது, அவர் கிடைக்காவிட்டால் அரசுடையது. 1997-இல் பெர்குளோரேட் தென்பட்டதுபோல் எதிர்பாராமல் வரும் புது மாசின் செலவும் அரசுடையதே. எந்த நகராட்சியாலும் அதை முன்கூட்டிக் கணிக்கமுடியாது. கணிக்கக்கூடிய கரிக்கும் ரெசினுக்கும் மட்டும் உள்ளூர்ப் பங்கு ஒன்று இருக்கட்டும், சிறியதாகவேனும். பங்கு கொடுத்தவர்தான் “இந்த வருஷம் மாத்தியாச்சா?” என்று கேட்பார்.

இதில் எனக்கே தெளிவாகாத ஒன்று உண்டு. தனி இருப்பில் பணம் சேர்ந்தால் வேறு நெருக்கடிக்கு அதை எடுத்துச் செலவழிக்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். அதை எப்படித் தடுப்பது, சட்டத்தாலா, வங்கி ஏற்பாட்டாலா? பிற்பகல் அமர்வில் உள்ளாட்சி நிதி பற்றிப் பேசவிருப்பவர்கள் இதற்கு விடை தேடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வழங்கும் ஒவ்வொருவரும், உங்கள் முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஊடகச் செலவு எவ்வளவு என்ற எண்ணை, தோராயமாகவாவது, கடைசிப் படவில்லையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளைக்குள் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.