தண்ணீரிடம் தோற்ற ரோமப் படை

(ஆவடியில் ஆற்றிய உரை)



1965ஆம் ஆண்டில் முதல் விஜயந்தா டாங்கியைச் செய்தளித்த ஊர் இது. படையொன்று ஓரடி நகர எத்தனை கைகள் உழைக்கவேண்டும் என்று உங்களுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை. ஆகவேதான் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு படையெடுப்பை உங்கள்முன் வைக்கிறேன்.

கி.மு. 26. ரோமை ஆண்டவன் அகஸ்டஸ். தென் அரேபியர் நறுமணப் பொருள் விற்றுச் செல்வம் குவிக்கின்றனர். இந்தியச் சரக்கும் அவர்கள் கைமாறியே மேற்கே செல்கிறது. நட்பானால் செல்வ நண்பர், பகையானால் செல்வப் பகைவர். எப்படியும் ஆதாயமே என்று கணக்கிட்டான் பேரரசன். எகிப்தின் ஆளுநன் ஏலியஸ் காலஸ், ஏறத்தாழ 10,000 பேருடன் புறப்பட்டான்.

முதலில் 80 போர்க்கப்பல்கள் கட்டினான். எதிரிக்கோ கடற்படையே கிடையாது! பிறகு விழித்துக்கொண்டு, 130 சரக்குக் கப்பல்கள் கட்டினான். செங்கடலில் அவற்றுட் பல உடைந்தன. கரையேறிய வீரர்க்கு வாயிலும் காலிலும் நோய். அப்பால் பாலைவனம், குடிநீரை ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிச் சென்றனர். மர்சியபா என்னும் நகரை ஆறு நாள் முற்றுகையிட்டனர். தண்ணீர் இல்லை, திரும்பினர். போக ஆறு திங்கள், மீள அறுபது நாள். போரில் மாண்டவர் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்! பசியும் தாகமும் பிணியும் கொண்டுபோனவர்க்குக் கணக்கில்லை.

ஆனால் அகஸ்டஸ் தன் சாதனைகளைப் பொறித்தபோது, மாரிபா வரை என் படை சென்றது என்றான். தாகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இக்கதையை எழுதிய ஸ்டிராபோவோ, பழி முழுவதையும் வழிகாட்டியாக வந்த நபத்திய அமைச்சன் சில்லேயஸ் தலையில் சுமத்தினார். ஸ்டிராபோ, காலஸின் நண்பர் என்பதை நினைவிற்கொள்க!

வாளால் திறக்காத வழி, வாணிபத்தால் திறந்தது. எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக அதே ஸ்டிராபோ எழுதுகிறார். முசிறியில் மிளகு ஏற்றினர், பொன் இறக்கினர். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பினார். அந்த ரோம நாணயங்கள் கோவை வட்டாரத்து மண்ணிலிருந்து குடம் குடமாய் வெளிவந்தன. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இத்தாலிய மட்பாண்டங்கள் கிடைத்தன.

வாளேந்திய யவனர் தமிழகத்துக்கு வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தனர், தோழர்களே! மதுரைக் கோட்டை வாயிலில், பாண்டியனுக்குக் காவல் நின்றனர் என்கிறது சிலப்பதிகாரம்.