வாயைப் பூட்டினோம், வாசலைத் திறந்தோம்



தணிக்கை என்றதும் ஓர் அதிகாரியும் அவர் கையில் ஒரு கத்தரிக்கோலும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த அதிகாரியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கத்தரிக்கோல் நம் சட்டைப்பைக்கே வந்து வெகு நாளாகிறது. தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நாலு பேர் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். வாடகை, பேருந்துக் கட்டணம், பிள்ளையின் பரீட்சை என்று பேச்சு சூடுபிடிக்கும். கொஞ்சம் கனமான விஷயம் வந்துவிட்டால் குரல் தாழும். ஒருவர் திரும்பிப் பார்ப்பார். இன்னொருவர், "விடுங்கண்ணே, நமக்கு எதுக்கு வம்பு?" என்பார். யாரும் தடுக்கவில்லை. தாமே நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லா மௌனமும் கோழைத்தனம் என்று சொல்ல நான் வரவில்லை. 1964 இனக் கலவரங்களைக் கண்ட ஊர் இது. அடுத்தவர் சமயத்தைப் பற்றி நாக்கை அடக்குவது பண்பாடு. ஆனால் அந்தப் பண்பாட்டின் பெயரால் கோயில் கணக்கைக் கேட்க, பள்ளித் தமிழின் தரத்தைப் பேசக்கூடத் தயங்குகிறோமே, அது பண்பாடல்ல, பழக்கம்.

நம் கலைஞர்கள் ஒருமுறை இந்தக் கத்தரிக்கோலை வாங்க மறுத்தார்கள். 2014ஆம் ஆண்டு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. கலைக்குழுக்கள் தங்கள் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம், தங்கள் நாடகம் எந்த வயதினருக்கு ஏற்றது என்று தாங்களே வகைப்படுத்தலாம். கேட்க நல்ல சலுகை போலத்தான் இருந்தது. ஆனால் கலைக்குழுக்கள் ஒன்றுசேர்ந்து, "எங்களையே எங்களுக்குத் தணிக்கையாளர் ஆக்காதீர்கள்" என்ற பொருளில் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டம் கைவிடப்பட்டது. அந்த வேலையைத்தான் நாம் சம்பளம் இல்லாமல் தினமும் செய்துகொண்டிருக்கிறோம்!

இனி, அந்தரங்கத்துக்கு வருகிறேன். கருத்தைச் சொல்ல இத்தனை யோசிக்கும் நாம், கடைத்தொகுதியில் அதிர்ஷ்டக் குலுக்கு என்றால் எப்படி இருந்தோம்? பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை எண், எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் போட்டோம். கட்டடத்துக்குள் நுழைய அடையாள அட்டையையே பாதுகாவலரிடம் கொடுத்துவிட்டுப் போனோம். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வது வேறு. அம்மனுக்கு நம் விலாசம் ஏற்கெனவே தெரியும். கடைக்காரருக்கு எதற்கு? 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக்கூடாது என்று விதி வந்தது. அரசாங்கம் வந்து தடுக்கும்வரை, கொடுக்கக்கூடாது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது?

2024 டிசம்பரில், வர்த்தகப் பதிவுகளுக்கான 'பிஸ்ஃபைல்' இணையவாசலில் பெயரைத் தேடினால் முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்தது. ஊரே கொதித்தது. அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தையும் பலர் கொட்டிய இடம் ஃபேஸ்புக். அங்கேதான் பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படமும் பரீட்சை மதிப்பெண்ணும் முன்பே இருக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் யாராவது அனுமதி கேட்டார்களா?

நம்பிக்கை விவகாரம் ஒன்றும் உண்டு. கொவிட் காலத்து 'டிரேஸ்டுகெதர்' நினைவிருக்கும். தொற்றுத் தடமறிய மட்டுமே அதன் தகவல் பயன்படும் என்று 2020இல் சொல்லப்பட்டது. குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெறமுடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தவறுக்குப் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு கட்டியது. அந்த வரம்பு எப்படி வந்தது? கேள்வி கேட்டவர்கள் இருந்ததால் வந்தது. எல்லாரும் "நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்திருந்தால் வந்திருக்குமா?

இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கருத்து பிறக்கும்போது அரைகுறையாகத்தான் பிறக்கும். நாலு பேர் மட்டும் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிப் பார்த்து, திட்டு வாங்கி, திருத்திக்கொள்ள வேண்டும். அந்த இடம் திண்ணையாக இருந்தது, புளோக்கின் கீழ்த்தளமாக இருந்தது. இன்று அது வாட்ஸ்அப் குழு. அதில் எழுதியதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பலாம். பத்தாண்டு கழித்தும் எடுத்துக் காட்டலாம். அது தெரிந்தவன் என்ன செய்வான்? காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்புவான். வாசலை நாமே திறந்து போட்டோம். அதனால்தான் உள்ளே இருந்துகொண்டு பேசப் பயப்படுகிறோம்.

"விரும்பிக் கொடுக்கிறோம்" என்கிறோமே, அந்த விருப்பம்கூட எல்லாருக்கும் வாய்க்கவில்லை. 2022 ஜூனிலிருந்து, தங்குவிடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்கு வர முன்கூட்டியே அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு அதிகபட்சம் 80,000 சீட்டுகள். 2023இல் அது நிறுத்தப்பட்டது. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சிராங்கூன் சாலைக்கு நாம் போனோம், சாப்பிட்டோம், எங்கே இருக்கிறோம் என்று நாமே ஊருக்கு அறிவித்துப் படமும் போட்டோம். அந்தச் சீட்டைப் பற்றி அந்தக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுப் பேசினோம்?

நேரம் முடிந்தது என்று நடுவர் மணி அடிக்கிறார்.