நீரிழிவும் எங்கள் இலவச வைத்தியமும்



குறிஞ்சாக்கேணிப் பகுதியில் அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன் யான். ஒருநாள் வரவு இடாப்பைப் புரட்டுகையில், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாதந்தோறும் ஒரு நாள் தவறாமல் வராதிருப்பதைக் கண்டேன். அழைத்துக் கேட்டேன். "உம்மம்மாவக் கிளினிக்குக்குக் கூட்டிப் போறன் சேர்" என்றாள். மூதாட்டிக்கு நீரிழிவினாற் கண் மங்கிவிட்டது, காற்பெருவிரலும் போய்விட்டது. தாயார் பிழைப்புக்காக வெளிநாடு சென்றவர். ஆகவே, கிளினிக் கொப்பியுடன் விடியலிலே வரிசையில் நிற்பது அப்பிள்ளையின் பொறுப்பாயிற்று. கிண்ணியாவுக்குக் களப்பைக் கடந்தே செல்லவேண்டும். பாலம் இல்லாதிருந்த வேளையில், 2021 நவம்பரில், மிதவைப்பாதை கவிழ்ந்து எங்கள் பிள்ளைகளைப் பலிகொண்டதும் அந்த நீரிலேதான்.

வைத்தியசாலைக் கணக்கில் ஏறாத செலவுகளும் இந்நோய்க்கு உண்டு என்று அன்று உணர்ந்தேன். ஏறும் செலவோ சிறிதன்று. 2005-2006 ஆம் ஆண்டு ஆய்வில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு காணப்பட்டது; அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் அதனை அறியாமலே இருந்தனர். 2018-2019 இல் நடந்த மற்றோர் ஆய்வு நூற்றுக்கு இருபத்துமூவர் என்கிறது. ஆய்வு முறைகள் வேறாயினும், இத்தொகை அஞ்சத்தக்கதே.

இலங்கை 2016 இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. காய்ச்சற்காரர் சின்னாள் மருந்துண்டு வீடு திரும்பினர். நீரிழிவுக்காரரோ ஆயுள் முழுதும் மாதாமாதம் வரவேண்டியவர். மெற்போமின் மாத்திரை மலிவானதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றால் வாரம் இருமுறை, மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். அங்கேதான் இலவச வைத்தியத்தின் முதுகு முறிகிறது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்ததை யாவரும் அறிவோம்.

2016 முதற் குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் இடப்படுகின்றன. நன்று. எனினும், மூன்று கரண்டிச் சீனியிட்ட எங்கள் தேநீருக்கு நிறம் தீட்டுபவர் யார்? ஆசிரியர் அறையில் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்தியவன் யான்.

சிறுமியின் பேச்சுக்குப் பின் யானும் இரத்தப் பரிசோதனை செய்வித்தேன். தாதி எனக்கும் ஒரு கொப்பி தந்தார். அடுத்த மாதம் வரிசையில் என்னைக் கண்ட அப்பிள்ளை, பதறியெழுந்து, தான் இருந்த வாங்கில் எனக்கு இடம் விட்டாள்.