கண்காட்சியில் ஒரு மேசை

(நூற்றாண்டு விழா விற்பனைக் கண்காட்சியில் பங்குபற்றும் பழைய மாணவிகளுக்காக எமது கல்லூரி மண்டபத்தில் நடந்த பயிற்சிப் பட்டறையில் ஆற்றிய உரை)



மேடைக்கு வந்திருப்பது ஒரு வைத்தியர். வியாபாரம் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று முன் வரிசையில் கேட்பது எங்களுக்கும் கேட்கிறது. ஒரே ஒரு தகுதிதான் உண்டு. எங்கள் வகுப்பு ஒரு கண்காட்சியில் ஸ்டோல் போட்டு நன்றாகத் தோற்றிருக்கிறது. ஆகவே இது எங்கள் வகுப்பின் பேச்சு.

புலமைப்பரிசில் நிதிக்காகக் கண்டியில் நடந்த ஒரு கண்காட்சியில் இரண்டு மேசை எடுத்தோம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்தாள். சீனிச் சம்பல், அச்சாறு, தொதல், கித்துள் பாணி, மெழுகுதிரி, துணிப்பை, குரோஷே பூ. எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று வகை. மேசையில் ஒரு விரல் வைக்க இடமில்லை. நாங்கள் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, இருபது வருடத்துக் கதையைப் பேசித் தீர்த்தோம். பின்னேரம் கண்டி மழை வந்தது. வீட்டுப் பிரின்டரில் அடித்த லேபிள்கள் மை கரைந்து வழிந்தன. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டியவருக்குக் கொடுக்க மிச்சக் காசு இல்லை. இரவு கணக்குப் பார்த்தால் ஸ்டோல் வாடகைகூடத் தேறவில்லை.

பக்கத்து ஸ்டோலில் கம்பளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பொருள், வறுத்த கறித்தூள். சின்னத் தாச்சி ஒன்றில் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொத்தமல்லியும் கறுவாவும் வறுப்பார். மணம் மண்டபத்தின் மறு கோடி வரை போகும். மூன்று மணிக்கு அவர் சரக்கு முடிந்துவிட்டது. பெட்டியை அடுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, நீங்க எல்லாரும் கதிரையில இருந்து கதைச்சுக்கிட்டு இருந்தா ஆளுங்க எப்பிடிக் கிட்ட வருவாங்க?" இன்று சொல்லப் போவதில் பாதி அந்த அம்மாவிடம் படித்தது.

நாங்கள் தோற்றது நிதிக்கான ஸ்டோல். வீட்டுக்குப் போனால் சம்பளம் இருந்தது. இங்கே இருப்பவர்களில் சிலருக்கு அப்படி இல்லை. 2020இல் கொவிட், 2022இல் பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்ததில், வேலை போன வீடுகளில் எத்தனையோ பேர் அடுப்படியை நம்பித் தொழில் தொடங்கினீர்கள். நகை அடகு வைத்துச் சரக்கு வாங்கியவர்களும் உங்களில் இருப்பதை அறிவோம். ஆகவே முதலில் கணக்கு.

ஒரு உதாரணம். ஸ்டோல் வாடகை 15,000 ரூபாய். கம்பளையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ வான் கூலி 4,000. உதவிக்கு வரும் பிள்ளைக்கு 3,000. ருசி பார்க்கக் கொடுப்பது, அச்சடிப்பது 3,000. மொத்தம் 25,000. ஒரு பைக்கற்றில் உங்களுக்கு மிஞ்சுவது 100 ரூபாய் என்றால், 250 பைக்கற் விற்றபின்தான் முதல் ரூபாய் உங்களுடையது. இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று பார்த்தால், ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு பைக்கற் போகவேண்டும். அது முடியுமா? முடியாது என்றால் என்ன செய்வது? விலை கூடிய ஒரு பரிசுப் பெட்டி வைக்கலாம், இரண்டு பேர் ஒரு மேசையைப் பகிரலாம், அல்லது இந்தக் கண்காட்சியை விற்பனைக்காக எண்ணாமல் கடைக்காரர்களைச் சந்திக்கும் இடமாக எண்ணலாம். மூன்றும் சரியான முடிவுதான். கணக்குப் பாராமல் கடன் எடுத்து 600 பைக்கற் அடிப்பதுதான் பிழை.

கண்காட்சி என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தோட்டத் துரைமாரின் சங்கம் 1854இல் கண்டியில்தான் உருவானது. அப்போது அவர்கள் பயிர் கோப்பி. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்த கதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம். தேயிலையை வளர்ப்பது ஒரு வேலை. அதைக் கோப்பி குடிக்கும் நாட்டில் விற்பது இன்னொரு வேலை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். கண்காட்சிக்கு வந்து போனவர்களின் தொகை இரண்டு கோடியே எழுபது இலட்சம் அளவில். அவர்களுக்கு முன்னால் இலையைக் குவித்துக் காட்டியதோடு நிற்கவில்லை. உட்காரவைத்து, கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பிடித்திருந்தால் எடுத்துப் போகப் பைக்கற் பக்கத்திலேயே இருந்தது. பத்து இலட்சம் பைக்கற் விற்றதாகத் தேயிலை வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள்.

கம்பளை அம்மாவின் தாச்சியும் இதே வேலையைத்தான் செய்தது. வாயில் ஒரு துளி, மூக்கில் ஒரு மணம், கையில் எடுத்துப்போக ஒரு சின்னப் பொதி.

அந்தச் சிகாகோக் கோப்பையில் இருந்த கொழுந்தைப் பறித்தவர்களின் பேத்திகளும் பூட்டிகளும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கைகளுக்கு அந்த வியாபாரத்தில் கிடைத்தது நாட்கூலி. இன்று உங்கள் லேபிளில் உங்கள் பெயரையும் ஊரையும் போடக் கூச்சப்படாதீர்கள். எங்கே, யார் செய்தது என்று வாங்குகிறவர் கேட்கும் காலம் இது. தும்பறைப் பாய் நெய்யும் ஹேனவலக் கைவினை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கண்டிக்கு வருகிறவர் அந்தப் பாயை வாங்கும்போது அந்த ஊரின் கதையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

லேபிள் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கண்டியில் வளர்ந்த எங்களுக்கு மூன்று மொழியும் நாவில் வரும். ஆனால் எங்கள் ஸ்டோலில் லேபிள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது! மூன்று மொழியிலும் பெயர் போடுங்கள். சேர்த்திருப்பவை, நிறை, தயாரித்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், முகவரி. விலையை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். அது சட்டமும்கூட. விலை தெரியாத பொருளிடம் கூச்ச சுபாவக்காரர் வரமாட்டார். கேட்டுவிட்டு வாங்காமல் போவது எப்படி என்று அவருக்குச் சங்கடம். நாங்களே புடவைக் கடையில் அப்படித்தானே?

இப்போது வைத்தியராகச் சில சொற்கள். இதில் கொஞ்சம் கடுமையாகப் பேசுவோம், மன்னியுங்கள்.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு ஐயா வந்தார். நீரிழிவு. பல வருடமாகக் கட்டுப்பாட்டில் இருந்தது திடீரென்று ஏறியிருந்தது. கேட்டால், ஒரு கண்காட்சியில் வாங்கிய பொடியைக் குடிக்கத் தொடங்கி மூன்று மாதமாக மாத்திரையை விட்டுவிட்டார். பைக்கற்றைக் கொண்டுவந்து காட்டினார். "சீனி வருத்தம் அடியோடு தீரும்" என்று அழகான எழுத்தில் அச்சடித்திருந்தது. காலில் ஆறாத புண். செய்து விற்றவரும் எங்களைப் போல ஒரு குடும்பப் பெண்ணாகத்தான் இருப்பார். யாருக்கும் தீங்கு செய்ய நினைத்திருக்க மாட்டார். நாலு பைக்கற் கூட விற்கட்டும் என்று ஒரு வரி சேர்த்திருப்பார். அந்த வரிக்கு விலை கொடுத்தது ஐயாவின் கால்.

ஆகவே எமது கண்காட்சியில் எந்த மேசையிலும் "நோய் தீர்க்கும்" என்ற சொல் இருக்கக்கூடாது என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறோம், சங்கமும் ஒப்புக்கொண்டது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொய்யான, தவறாக எண்ணவைக்கும் லேபிளையும் விளம்பரத்தையும் தடுக்கிறது. வாயால் சொல்வதும் அதே கணக்குத்தான். "டொக்டர் ஒருத்தரே எங்கட பொடியைத்தான் குடிக்கிறார்" என்று எங்களைக் காட்டியும் விற்கவேண்டாம்.

உண்மையைச் சொல்லியே விற்கலாம். கறுவாவை எடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் கறுவா என்று கிடைப்பதில் பெரும்பகுதி கசியா. அதில் கூமரின் என்ற பொருள் கூட; அளவுக்கு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். எமது நாட்டுக் கறுவாவில் அது மிகக் குறைவு. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவின் பெயருக்குப் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பும் கொடுத்தது. இரண்டு பட்டையையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மெல்லிய சுருள் பல சேர்ந்து சுருட்டுப்போல இருக்கும்; மற்றது தடித்த ஒற்றைச் சுருள். வருகிறவர் கையால் உடைத்துப் பார்க்கட்டும்.

உணவு விற்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. எண்ணெயில் ஊறப்போட்ட பச்சை உள்ளியைச் சாதாரண போத்தலில் அடைத்து வெளியே வைத்து விற்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வளரும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. அச்சாறுக்கு விநாகிரி தாராளமாக வேண்டும், பிஎச் 4.6க்குக் கீழே இருக்கவேண்டும். அளக்கும் தாள் மலிவு. மற்றது, மிளகாயும் கொத்தமல்லியும் நன்றாகக் காயாமல் அரைத்தால் பூஞ்சை பிடிக்கும்; அஃப்ளாடொக்சின் வரும். கண்டி ஈரத்தில் ஒரு நாள் வெயில் போதாது. ருசி பார்க்கக் கொடுக்கும்போது ஆளுக்கொரு கரண்டி. பயன்படுத்திய கரண்டி மறுபடி போத்தலுக்குள் போகக்கூடாது. நிலக்கடலை, முந்திரி, எள் சேர்ந்திருந்தால் கேளாமலே சொல்லுங்கள்.

மேசைக்கு வருவோம். மூன்று பொருள், மிஞ்சினால் ஐந்து. உயரமாக ஒன்று, கண்மட்டத்தில் ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து மேலே துணி விரித்தால் போதும். தூரத்தில் இருந்து வாசிக்கக்கூடிய ஒரே ஒரு வரி: என்ன விற்கிறீர்கள் என்பது மட்டும். உங்கள் கம்பனியின் பெயர் அழகாக இருக்கலாம். ஆனால் நடந்து போகிறவருக்கு "வறுத்த கறித்தூள்" என்பதுதான் வேண்டும்.

நின்று பேசுங்கள். மேசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், பின்னால் ஒளியாதீர்கள். கைபேசியை எடுத்தால் வாசல் பூட்டியது போல. "என்ன வேணும்?" என்று கேட்டால் "சும்மா பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். அதோடு கதை முடிந்தது. "உங்கட வீட்டில கறித்தூள் இடிக்கிறதா, கடையில வாங்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு கதை வரும். கதையைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நோயாளி சொல்லி முடிக்குமுன் மருந்து எழுதாதே என்று எங்களுக்கு மருத்துவ பீடத்தில் படிப்பித்தார்கள். அதே பாடம் இங்கேயும் செல்லும்.

எட்டு மணித்தியாலம் நிற்கக் கால் வலிக்கும். தட்டையான பழைய செருப்பு, காலடியில் மடித்த சாக்கு, முறை மாற இன்னொருத்தி. தண்ணீர் குடியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பசித்த முகத்தோடு யாரும் எதையும் விற்றதில்லை.

பெரஹெரக் காலத்தில் கண்டிக்கு வரும் வெளிநாட்டாருக்கு விற்பதாக இருந்தால் நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். அவர்கள் பை நிறையுடையது. கண்ணாடிப் போத்தலைக் கண்டால் தயங்குவார்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர் உணவுப்பொருளை விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும்; அடைத்து, லேபிள் ஒட்டிய பைக்கற்றாக இருந்தால் அவருக்கும் இலேசு.

விற்பனையில் பெரிய பங்கு கண்காட்சி முடிந்தபின்தான் நடக்கும். எங்களுக்கு இது கடைசியாகத்தான் விளங்கியது. கடைக்காரர் ஒருவர், ஹோட்டல்காரர் ஒருவர் வந்து கார்ட் தந்தால், அதன் பின்புறத்தில் உடனே எழுதுங்கள்: என்ன கேட்டார், எவ்வளவு, எப்போது. இரவுக்குள் மறந்துவிடும். இரண்டு நாளுக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி, படத்துடன், விலையுடன். ஒரு வாரம் போனால் அவருக்கு உங்கள் முகம் நினைவிராது. "மாதம் ஐந்நூறு கிலோ தரமுடியுமா?" என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். உங்கள் ஆட்டுக்கல்லும் மில்லும் எவ்வளவு அரைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். "ஐம்பது கிலோ நிச்சயம், மூன்று வாரத்தில்" என்று சொல்லி அதைக் காப்பாற்றினால் அடுத்த முறை நூறு வரும்.

கொஞ்சம் வளர்ந்தவர்கள் 2010இலிருந்து நடக்கும் யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் வருடம் ஸ்டோல் எடுக்காமல், வெறுங்கையோடு போய் நடந்து பாருங்கள். துபாய் கல்ஃபூட், ஜெர்மனியின் அனூகா போன்றவை அதற்கும் பின். வெளிநாட்டுச் சந்தைக்குப் போக நினைப்பவர்கள் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் வழி கேட்கலாம்.

இந்த உரை மலரில் அச்சாகும் என்கிறார்கள். ஆகவே தூரத்தில் வாசிக்கும் அக்கா தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். காசு அனுப்புகிறீர்கள், நன்றி. அதோடு உங்கள் ஊர்க் கடையில் ஒரு பைக்கற்றின் படத்தை எடுத்து அனுப்புங்கள்: என்ன விலை, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அங்கே சமைத்துப் பார்த்து, உப்புக் கூட என்றால் கூட என்று எழுதுங்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதவேண்டாம்.

கண்காட்சி அன்று மண்டபம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஒவ்வொரு மேசைக்கும் நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாளாக ஐயாயிரம் ரூபாய் மிச்சக் காசு கொண்டுவாருங்கள். மழைக்குப் பொலித்தீன் விரிப்பு நாங்கள் தருவோம். கதிரைகளை முதல் நாளே எடுத்து நூலகத்தில் பூட்டிவிடுவோம். முட்டு வலி உள்ளவர்கள் மட்டும் திறப்பை எங்களிடம் கேளுங்கள்.